ஆப்பிரிக்காவின் புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கான ஆராய்ச்சிக்குக் கோடிக்கணக்கில் பணம் போகிறதே, மருந்துகள் எங்கே?

கேள்வியில் இருக்கும் எரிச்சல் புரிகிறது. ஆனால் அதன் இரண்டு பாதிகளுமே சரியில்லை. பணம் நீங்கள் நினைக்கும் அளவுக்குப் போகவில்லை. மருந்து ஒன்றுமே வரவில்லை என்பதும் உண்மையில்லை. நான் மருத்துவன் அல்லன். தமிழ்நாட்டில் ஓர் ஆய்வகத்தில் ஆராய்ச்சித் திட்டங்களின் வரவு செலவைப் பார்ப்பவன். என் பதிலும் கணக்குப்பிள்ளையின் பதிலாகத்தான் இருக்கும்.

முதலில் தொகை. ஏழை நாடுகளைத் தாக்கும் நோய்களுக்கான மருந்து, தடுப்பூசி, பரிசோதனைக் கருவி ஆகியவற்றின் ஆராய்ச்சிக்கு உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 400 கோடி டாலர் செலவாகிறது. பெரிய தொகைதான். ஆனால் எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஆகிய மூன்றும் அதில் சுமார் 70 விழுக்காட்டை எடுத்துக்கொள்கின்றன. மிச்சத்தை மற்ற எல்லா நோய்களும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். தூக்க நோய், ஆற்றுக் குருட்டு நோய், யானைக்கால், காலா அசார் (கருங்காய்ச்சல்), நத்தைக் காய்ச்சல் என்று உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் இப்போது 21 இருக்கின்றன. பாதிக்கப்பட்டவர்கள் 100 கோடிக்கும் மேல். இன்னொரு கணக்கும் உண்டு: 1975 முதல் 1999 வரை சந்தைக்கு வந்த 1,393 புதிய மருந்துகளில் வெப்பமண்டல நோய்களுக்கும் காசநோய்க்கும் சேர்த்து வந்தவை 16. வாங்கக் காசில்லாதவனின் நோய்க்கு யார் கடை விரிப்பார்கள்?

தூக்க நோயின் கதையைச் சொன்னால் பணம் எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்பது தெளிவாகும். செட்சி ஈ கடித்து உடலுக்குள் புகும் ஒட்டுண்ணி கடைசியில் மூளையை அடைகிறது. தூக்கம் தலைகீழாகிறது, புத்தி தடுமாறுகிறது, மருந்து இல்லையென்றால் பெரும்பாலும் மரணம்தான். மூளையை எட்டிய நோய்க்கு 1949 முதல் கிடைத்த மருந்து மெலார்சோப்ரால். அது ஆர்செனிக் கலந்த ஊசி, அதாவது பாஷாணம். ஏற்றும்போது நரம்பெல்லாம் எரியும். 20 பேரில் ஒருவரை அந்த மருந்தே கொன்றுவிடும். மனிதன் நிலவில் நடந்து முப்பது ஆண்டுகள் கழிந்த பிறகும் காங்கோவில் இதைத்தான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

இடையில் எஃப்லோர்னிதின் வந்தது. புற்றுநோய்க்கு என்று தொடங்கிய மருந்து, 1990-இல் தூக்க நோய்க்கு ஒப்புதல் பெற்றது. லாபமில்லை என்று சில ஆண்டுகளில் தயாரிப்பு நின்றுபோனது. பிறகு அதே வேதிப்பொருள் பெண்களின் முகத்தில் வளரும் முடியைக் குறைக்கும் களிம்பாக அமெரிக்காவில் 2000-இல் கடைக்கு வந்தது. களிம்புக்குச் சந்தை இருந்தது, உயிருக்கு இல்லை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் மற்றவர்களும் போட்ட கூச்சலில்தான் 2001-இல் அவென்டிஸ் நிறுவனம் ஊசி மருந்தை மீண்டும் தயாரித்துத் தர ஒப்புக்கொண்டது. அப்போதும் ஒரு நோயாளிக்கு 14 நாட்களில் 56 முறை நரம்பில் ஏற்ற வேண்டும். மின்சாரம் இல்லாத, நடந்தே சேர வேண்டிய சுகாதார நிலையத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, நள்ளிரவிலும் செவிலியர் விழித்திருந்து.

இங்கேதான் புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கு மருந்து உருவாக்கும் டிஎன்டிஐ என்ற லாபநோக்கற்ற அமைப்பு வருகிறது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 1999-இல் பெற்ற நோபல் பரிசுப் பணத்தை விதையாகப் போட்டது. 2003-இல் ஏழு அமைப்புகள் சேர்ந்து டிஎன்டிஐயைத் தொடங்கின. நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், கென்யாவின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமும் அந்த ஏழில் அடக்கம். இவர்கள் பழைய கோப்புகளைக் கிளறினார்கள். ஹெக்ஸ்ட் நிறுவனம் எழுபதுகளில் ஆராய்ந்து கைவிட்ட ஃபெக்சினிடசோல் 2005-இல் அகப்பட்டது. வாய்வழி மாத்திரை, பத்து நாள் சாப்பிட்டால் போதும். மருந்து முப்பது ஆண்டு தூங்கிக்கொண்டிருந்தது என்பது எனக்கு இன்றும் ஜீரணமாகவில்லை.

காங்கோ மருத்துவர் விக்டர் கண்டே முன்னின்று நடத்திய முக்கியச் சோதனையில் 394 பேரைச் சேர்க்க 2012 முதல் 2016 வரை நான்கு ஆண்டுகள் ஆயின. நோய் குறைந்துகொண்டே வந்ததால் நோயாளிகளைக் கண்டுபிடிப்பதே பெரிய வேலை. 1998-இல் பதிவானவர்கள் 40,000 அளவில் இருந்தார்கள், 2018-இல் ஆயிரத்துக்கும் கீழே. ஒவ்வொருவரையும் சிகிச்சை முடிந்த பிறகும் இரண்டு ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்க்க வேண்டும். ஒட்டுண்ணி திரும்பி வந்திருக்கிறதா என்று அறிய முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டும். பழைய ஊசிமுறையைவிடப் பலன் சற்றுக் குறைவுதான், ஆனால் இவ்வளவு வரை குறையலாம் என்று முன்பே வகுத்த எல்லைக்குள் நின்றது. 2018 நவம்பரில் ஐரோப்பிய மருந்து முகமை சாதகக் கருத்துச் சொன்னது. சனோஃபி தயாரிக்கிறது.

மொத்தச் செலவு சுமார் 5.5 கோடி யூரோ. பெரிய நிறுவனங்கள் ஒரு புதிய மருந்துக்கு 100 கோடி டாலருக்கு மேல் ஆகிறது என்று சொல்லும் (தோற்றுப்போன மருந்துகளின் செலவும் அதில் ஏற்றப்பட்டிருக்கும், இருக்கட்டும்). இந்த 5.5 கோடியிலும் ஹெக்ஸ்ட் அன்று செலவழித்தது சேராது. அப்படிப் பார்த்தாலும் மலிவு. இந்தப் பணத்தில் பெரும்பகுதி வேதியியலுக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் தவறு. ஜெனரேட்டர், சூரிய மின்தகடு, கிராமம் கிராமமாக மைக்ரோஸ்கோப்புடன் போகும் குழு, படகு, மோட்டார் சைக்கிள், பயிற்சி, நோயாளியின் சாப்பாடு ஆகியவை இல்லாமல் இந்தச் சோதனை நடந்தே இருக்காது.

இதில்தான் என் வயிற்றெரிச்சல். நிதி தருபவர்கள் ஆண்டுக் கணக்கில் யோசிக்கிறார்கள், ஒட்டுண்ணிக்கு நாட்காட்டி கிடையாது. எங்கள் ஆய்வகத்தில் யானைக்கால் தொடர்பாக ஒரு சிறிய திட்டம் நடந்தது. மூன்று ஆண்டு நிதி, மார்ச் 31 அன்று முடிந்தது. கடைசியாகச் சேர்ந்த நோயாளிகளின் பின்தொடர் பரிசோதனை ஜூலையில்தான் வரவேண்டும். செலவழியாத தொகையைத் திருப்பி அனுப்பு, பயன்பாட்டுச் சான்றிதழ் கொடு என்று கடிதத்துக்கு மேல் கடிதம். நான்கு மாத நீட்டிப்பு கேட்டோம், பதில் வந்தது அக்டோபரில். நடுவில் களப்பணியாளர்கள் இருவர் சம்பளமில்லாமல் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வந்தார்கள். பட்ஜெட்டில் 'பயணம்' என்ற தலைப்பில் மிச்சம் கிடந்த பணத்தை 'ஊதியம்' தலைப்புக்கு மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. தமிழ்நாட்டிலேயே இந்தக் கதி என்றால், காங்கோவில் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது, கொடுக்கும் கைகள் மிகச் சில. அமெரிக்க அரசு, பிரிட்டன், ஐரோப்பாவின் சில அரசுகள், கேட்ஸ் அறக்கட்டளை, வெல்கம் அறக்கட்டளை, அதற்குப் பிறகு பட்டியல் சட்டென்று மெலிகிறது. 2021-இல் பிரிட்டன் தன் வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தின் 0.7 விழுக்காட்டிலிருந்து 0.5 ஆகக் குறைத்தது. இந்த நோய்களுக்கான அதன் முதன்மைத் திட்டம் பாதியில் முடிந்தது. 2025-இல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி முகமையையே மூடிவிட்டது. அந்த முகமை இந்த நோய்களில் பெரும்பாலும் மருந்து விநியோகத்துக்குத்தான் கொடுத்துவந்தது, ஆய்வுக்கு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் விநியோகத்துக்குப் போகும் அதே சுகாதாரப் பணியாளர்தான் ஆய்வுக்கு நோயாளியைக் கண்டுபிடித்துத் தருகிறவரும். ஒன்று நின்றால் மற்றதும் நொண்டும்.

சந்தையைக் கொண்டே சந்தையின் குறையைத் தீர்க்கப் பார்த்த ஒரு முயற்சியும் உண்டு. இத்தகைய நோய்க்கு மருந்து பதிவு செய்யும் நிறுவனத்துக்கு, வேறொரு மருந்தை அரசு விரைந்து பரிசீலிக்கும்படி கேட்கும் உரிமைச் சீட்டை அமெரிக்கா 2007 முதல் தருகிறது. அந்தச் சீட்டை விற்கலாம். 2018-இல் ஆற்றுக் குருட்டு நோய்க்கான மாக்சிடெக்டினுக்காக ஆஸ்திரேலியாவின் லாபநோக்கற்ற அமைப்பு ஒன்று அதைப் பெற்றது, நல்லது. ஆனால் காலா அசாருக்கான மில்டெஃபோசின் 2002-லேயே இந்தியாவில் பதிவான மருந்து. அதை 2014-இல் அமெரிக்காவில் பதிவு செய்த ஒரு நிறுவனம், சீட்டை 12.5 கோடி டாலருக்கு விற்றது. சட்டப்படி தவறில்லை. என் மேசைக்கு வந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

கடைசியாக, நம் பக்கத்துப் பெயர் கொண்ட ஒரு நோய். மைசெட்டோமாவுக்கு மதுரைக் கால் என்று பெயர், 1842-இல் மதுரையில் பதிவு செய்யப்பட்டதால். சூடானில் இதற்கு முக்கியக் காரணமான பூஞ்சையின் பேரினப் பெயரே மதுரெல்லா. முள் குத்திய காலில் கட்டி வளர்ந்து எலும்பைத் தின்கிறது. மருந்து மாதக்கணக்கில், பலருக்கு இறுதியில் கால் வெட்டுதான். இதன் பூஞ்சை வகைக்கு முதல் முறையாகச் சீரான ஒப்பீட்டுச் சோதனை தொடங்கியது 2017-இல், கார்ட்டூம் மைசெட்டோமா ஆராய்ச்சி மையத்தில், 104 நோயாளிகளோடு. மதுரையில் பதிவாகி 175 ஆண்டுகள் கழித்து. வாரம் ஒரு முறை சாப்பிடும் ஃபோஸ்ராவுகொனசோல் மாத்திரை, பழைய இட்ராகொனசோலைவிட மேலானது என்று காட்ட முடியவில்லை. ஆனாலும் தினம் இரு வேளை விழுங்குவதோடு ஒப்பிட்டால், வயலில் வேலை செய்கிறவருக்கு வாரம் ஒரு முறை எவ்வளவோ சுலபம். 2023 ஏப்ரலில் சூடானில் போர் தொடங்கியது. அந்த மையம் அழிந்தது. பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவைத்த நோயாளிகளின் மாதிரிகளும் போயின.