ஓட்டுநரின் மௌனம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மதுரையில் டிராவல்ஸ் நடத்துகிறேன். என்னிடம் வண்டி ஓட்டும் ஒருவர் ஆனையூர் முகாமைச் சேர்ந்த இலங்கைத் தமிழர். கண் ஆபரேஷனுக்காகக் கொழும்பிலிருந்து வந்த சிங்களக் குடும்பத்தை விமான நிலையத்திலிருந்து அழைத்துவரச் சொன்னேன். அவர்கள் சிரித்த முகத்தோடு ஏதோ கேட்டார்களாம். இவர் வழிநெடுக வாய் திறக்கவில்லை. மறுநாள் வேலைக்கும் வரவில்லை. அந்தக் குடும்பம் தங்கமானவர்கள். இனி அவரை இப்படி அனுப்பலாமா?

ஒரு வாசகர், கே.கே. நகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவர்கள் கேட்டது பெரும்பாலும் ‘கொஹெத யன்னே?’ அல்லது ‘கம கொஹெத?’ என்றுதான் இருக்கும். எங்கே போகிறீர்கள், சொந்த ஊர் எது. சிங்களத்தில் இது நம்மூர் ‘சாப்டாச்சா’ மாதிரி. ஆனால் போர்க்காலத்துத் தமிழருக்கு இவை சோதனைச் சாவடியில், துப்பாக்கி வைத்திருந்தவன் கேட்ட கேள்விகள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்றிருந்தால் பஸ்ஸிலிருந்து இறக்கித் தனியே நிறுத்துவார்கள். கேட்பவர் தங்கமானவரா என்பது அந்த நேரத்தில் காதில் ஏறாது.

முகாம்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரியும் இல்லை. 1990-இல் மன்னாரிலிருந்து படகேறியவருக்குச் சிங்களம் பெரும்பாலும் ராணுவத்தின் மொழி. 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கு ஓடி, பிறகு இங்கே வந்தவர் அதைச் சரளமாகப் பேசுவார். பக்கத்து வீட்டுக்காரரும் அடித்தவரும் பேசிய மொழி அது. முகாமிலேயே பிறந்த பையனுக்கு ஒரு சொல்லும் தெரியாது. இதோடு இன்னொரு பயமும் உண்டு: பயணியோடு சின்ன வாய்த்தகராறு வந்தாலும் போலீஸ் உளவுத்துறையின் கியூ பிரிவு வரை போய்விடுமோ என்பது. 2012 செப்டம்பரில் தஞ்சைப் பக்கம் பூண்டி மாதா கோயிலுக்கு வந்த சிங்கள யாத்ரீகர்களின் பஸ்கள் திருச்சிப் பக்கம் தாக்கப்பட்டதை முகாம்களில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் வராததற்கு இதுதான் காரணம் என்று முடிவுகட்டாதீர்கள். முகாமில் வருகைப்பதிவு நாளாகவும் இருக்கலாம். ஆள் நேரில் நிற்காவிட்டால் உதவித்தொகைக்குச் சிக்கல்.

இனி இப்படிச் செய்யுங்கள். முந்தின நாளே, மற்ற டிரைவர்கள் இல்லாதபோது, யார் வருகிறார்கள், எத்தனை பேர், எத்தனை நாள் என்று சொல்லிவிட்டு, ‘இது எடுக்கிறீங்களா, வேற டிரிப் எடுக்கிறீங்களா?’ என்று கேளுங்கள். இரண்டுக்கும் பேட்டா ஒன்றாக இருக்க வேண்டும். வேண்டாம் என்றால் முந்நூறு ரூபாய் போகும் என்றிருந்தால் அவர் ஒருநாளும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். மாற்று டிரிப்பில் இரவு தங்கல் இருந்தால் முகாமில் அனுமதி வாங்க அவகாசம் கொடுங்கள். ராமேஸ்வரத்தை யோசித்துக் கொடுங்கள், பலர் வந்து இறங்கிய கரை அது.

பயணிகளிடம் ‘நம்ம டிரைவரும் உங்க நாட்டுக்காரர்தான்’ என்று பெருமையாக அறிமுகம் செய்வதுதான் நான் கேள்விப்படும் பெரிய தப்பு. அவர்கள் மன்னிப்புக் கேட்கத் தொடங்குவார்கள், இல்லை வாதாடுவார்கள். இரண்டையும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டியவர் இவர். முன்சீட்டில் உங்கள் ஆள் ஒருவரை உட்கார வையுங்கள், கேள்விகள் அவரிடம் போகட்டும். சிங்களம் தெரியும் என்பதற்காக ஆஸ்பத்திரியில் இலவச மொழிபெயர்ப்பாளராகவும் நிறுத்தாதீர்கள். (சிங்களரின் முதல் மன்னன் விஜயனுக்குப் பெண் கொடுத்தது மதுரை என்று, இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சத்தின் கதையைச் சொல்லிப் பயணிகள் உறவு கொண்டாடினால் அது கைடுக்கு இனிக்கும். அவரோடு நிற்கட்டும்.)

1987–89-இல் ஜே.வி.பி. என்ற சிங்கள இடதுசாரிக் கட்சி நடத்திய கிளர்ச்சியில் சிங்கள இளைஞர்களும் ஆயிரக்கணக்கில் காணாமல் போனார்கள். பின்சீட்டில் இருக்கும் அம்மாவும் ஒரு மகனைத் தேடியவராக இருக்கலாம். ஆனால் இதை நீங்கள் ஓட்டுநருக்குப் பாடமெடுக்க வேண்டாம்.

‘போறேன்’ என்றால் அனுப்புங்கள். திரும்பி வந்ததும், பேசினீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள்.