நடைபாதையில் சைக்கிள் மோதினால் நட்டஈடு யாரிடம் கேட்பது?

கேள்வி: நாங்கள் லண்டன் ஈஸ்ட் ஹாமில் வசிக்கிறோம். பத்து நாட்களுக்கு முன்பு, 72 வயதான என் மாமியார் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஒரு கடையிலிருந்து வெளியே காலெடுத்து வைத்தபோது, நடைபாதையில் வேகமாக வந்த உணவு விநியோக சைக்கிள் மோதியதில் விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஓட்டி வந்த இளைஞர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். பொலிஸார் ஒரு முறைப்பாட்டு இலக்கத்தைத் தந்ததோடு சரி. இதற்கிடையில் ஒருவர் தமிழிலேயே தொலைபேசி எடுத்து, கையெழுத்து மட்டும் போடுங்கள், பத்தாயிரம் பவுண் எடுத்துத் தருகிறேன் என்கிறார். என் கணவரோ, இனி அந்த நடைபாதையில் சைக்கிளில் வருகிறவனைப் பிடித்து இழுத்து நிறுத்துவேன் என்று கோபத்தோடு இருக்கிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில்: அந்தத் தொலைபேசிக்காரர் தரும் எந்தத் தாளிலும், கைத்தொலைபேசிக்கு அனுப்பும் எந்த இணைப்பிலும் உங்கள் மாமியாரைக் கையெழுத்து வைக்க விடாதீர்கள். காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். நாட்கள் செல்லச் செல்ல அழிந்துபோகக்கூடிய சில விடயங்கள் இருப்பதால் அவற்றை முதலில் சொல்லியாக வேண்டும்.

மோதியது காராக இருந்திருந்தால் இரண்டு வரியில் பதில் எழுதியிருப்பேன். காருக்கு இலக்கத் தகடு உண்டு, காப்புறுதி கட்டாயம், ஓட்டியவர் நின்று தன் விபரங்களைத் தர வேண்டும் என்பதும் கட்டாயம். சாதாரண சைக்கிளுக்கு இம்மூன்றும் இல்லை. ஆகவே உங்கள் விடயத்தில் பிழை யாருடையது என்பதை நிறுவுவது ஒப்பீட்டளவில் சுலபம். அந்த இளைஞர் யார், அவருக்காகப் பணம் கொடுக்கக்கூடியவர் யார் என்பதைக் கண்டுபிடிப்பதே கடினம். இங்கே வரும் வழக்குகளில் பெரும்பாலானவை அந்த இடத்தில்தான் நின்றுபோகின்றன.

வீதியோர நடைபாதையில் சைக்கிள் ஓட்டுவது இங்கிலாந்தில் குற்றம். அதைக் குற்றமாக்கும் 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தின் 72ஆம் பிரிவு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பொலிஸார் அந்த இடத்திலேயே 50 பவுண் அபராதச் சீட்டு கொடுக்கலாம். ஆனால் 1999இல், வீதிப் போக்குவரத்துக்குப் பயந்து நடைபாதையில் ஏறி, நடப்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓட்டுபவர்களைக் குறிவைத்து இந்தச் சீட்டைக் கொடுக்க வேண்டாம் என்று உள்துறை அமைச்சு வழிகாட்டியது. 2014இல் போக்குவரத்து அமைச்சும் அதையே திரும்பச் சொன்னது. பயந்து ஒதுங்கும் ஒருவருக்குக் காட்டிய அந்தக் கருணை, நேரத்துக்கு உணவைக் கொண்டு சேர்ப்பதற்காகக் கடைவாசல்களை உரசிக்கொண்டு பறப்பவருக்கும் நடைமுறையில் கிடைத்துவிடுகிறது என்பதை என்னால் எளிதில் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சைக்கிளும் மனித உருவமும் வரைந்த நீல வட்டப் பலகை இருந்தால் அது இருவருக்கும் பொதுவான பாதை; அங்கே ஓட்டுவது குற்றமாகாது. விபத்து நடந்த இடத்தில் அப்படியொரு பலகை இருக்கிறதா என்று பார்த்துப் படமெடுத்து வையுங்கள். இருந்தாலும் மனம் தளர வேண்டாம். பொதுப் பாதையிலும் நடப்பவருக்கு வழிவிட வேண்டியவர் சைக்கிளோட்டியே என்பதை 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட வீதி ஒழுங்குக் கோவை தெளிவாகச் சொல்கிறது.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சட்டப்படி ஒரு மின்சார சைக்கிளின் மோட்டார் உதவக்கூடிய உச்ச வேகம் மணிக்கு 15.5 மைல், அதாவது வினாடிக்கு ஏறத்தாழ ஏழு மீற்றர். கடைவாசலிலிருந்து காலெடுத்து வைப்பவருக்கும் வரும் சைக்கிளுக்கும் ஐந்து மீற்றர் இடைவெளி இருந்தால், மோதலுக்கு ஒரு வினாடிகூட இல்லை. எழுபது வயதைக் கடந்த ஒருவர் அதற்குள் பின்வாங்கியிருக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு வாதாடினால், இந்தக் கணக்கையே நீங்கள் பதிலாகச் சொல்லலாம்.

இனி அழிந்துபோகும் சான்றுகளுக்கு வருகிறேன். வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் எழுதிய குறிப்பின் பிரதியைக் கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள். வயதானவர்கள் வந்தால், எதனால் விழுந்தார் என்று விசாரிக்காமல் “விழுந்தார்” என்று மட்டும் எழுதிவிடுவது அங்கே வழக்கம். மொழிபெயர்க்க யாரும் உடன் இல்லாவிட்டால் இது இன்னும் எளிதாக நடந்துவிடும். ஆறு மாதம் கழித்து, “உங்கள் மாமியார் தானே தடுக்கி விழுந்தார், வைத்தியரே அப்படித்தான் எழுதியிருக்கிறார்” என்று எதிர்த்தரப்பு அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொள்ளும். குறிப்பில் சைக்கிள் இல்லையென்றால், குடும்ப வைத்தியரிடம் மாமியாரை அழைத்துச் சென்று, நடந்ததை அவர் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவுசெய்யச் சொல்லுங்கள்.

அடுத்தது கமராப் பதிவு. கடைகளின் கமராக்கள் சில வாரங்களில் பழைய பதிவின் மேலேயே புதியதைப் பதிந்துவிடும். உங்களுக்கு ஏற்கெனவே பத்து நாட்கள் போய்விட்டன. மாமியார் வெளியே வந்த கடைக்கும் அதன் இரு பக்கங்களிலும் உள்ள கடைகளுக்கும், திகதியும் நேரமும் குறிப்பிட்டு, பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி எழுத்தில் கேளுங்கள். தன் உருவம் பதிவான காட்சியின் பிரதியைக் கேட்பது தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் மாமியாருக்குத் தரும் உரிமை. அதற்குக் கட்டணம் இல்லை, ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். கேட்பவர் அவராகவே இருக்க வேண்டும் என்பதால், அவர் சார்பில் நீங்கள் பேசுவதற்கு அவர் கையொப்பமிட்ட இரண்டு வரிக் கடிதமொன்றையும் எடுத்துச் செல்லுங்கள். வாய்ப்பேச்சில் கடைக்காரர் தலையாட்டியதை நம்பி வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

ஆள் கிடைத்துவிட்டால், அவருடைய வீட்டுப்பொருள் காப்புறுதியில் மூன்றாம் நபருக்கு நேரும் காயத்துக்கான பொறுப்பும் அடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலருக்கு அப்படியொரு பிரிவு தங்கள் பத்திரத்தில் இருப்பதே தெரியாது. உணவு விநியோக நிறுவனங்கள், ஓட்டுநர் தங்கள் ஊழியர் இல்லை, சுயதொழில் செய்பவர் என்று சொல்லிக் கையை விரிப்பது வழக்கம். அப்படிப்பட்ட ஓட்டுநர்களுக்குத் தொழிற்சங்கம் சட்டப்படி அங்கீகாரம் கேட்ட வழக்கில், அவர்கள் வேலையுறவில் உள்ளவர்கள் அல்லர் என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு அந்த வாதம் பலப்பட்டிருக்கிறது. ஆனாலும் சில நிறுவனங்கள் ஓட்டுநர்களுக்காக மூன்றாம் நபர் காப்புறுதி எடுத்து வைத்திருக்கின்றன. ஆகவே பையின் நிறம், அதிலிருந்த பெயர், நேரம், எந்த உணவகத்திலிருந்து வந்தார் என்பவற்றைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். கணக்கு ஒருவர் பெயரிலும் ஓட்டுபவர் வேறொருவராகவும் இருப்பது இன்று சாதாரணமாகிவிட்டது. மாணவர்களாக வந்த நம் பிள்ளைகள் பலர் வாராவாரம் பணம் கொடுத்து இன்னொருவரின் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார்கள். மோதல் நடந்தால் கணக்கை வாடகைக்குக் கொடுத்தவர் தொலைபேசியை எடுக்கமாட்டார், பிள்ளை தனித்து நிற்கும், காயப்பட்டவருக்கும் எதுவும் கிடைக்காது.

இப்போது சொல்லப்போவதை நிதானமாகப் படியுங்கள், ஏனெனில் உங்கள் வழக்கின் தலைவிதியே இதில் தங்கியிருக்கக்கூடும். மோதியது உண்மையில் சைக்கிள்தானா? மின்சார சைக்கிள் சட்டத்தின் கண்ணில் சைக்கிளாகக் கருதப்பட வேண்டுமானால் அதற்கு மிதிகள் இருக்க வேண்டும், மோட்டாரின் தொடர் வலு 250 வொற்றுக்கு மேற்படக்கூடாது, மணிக்கு 15.5 மைலைத் தொட்டதும் மோட்டாரின் உதவி நின்றுவிட வேண்டும். இந்த வரம்பை மீறியதும் அது சைக்கிள் என்ற நிலையை இழந்து மோட்டார் வாகனமாகிவிடுகிறது. பதிவு, இலக்கத் தகடு, அனுமதிப்பத்திரம், காப்புறுதி எல்லாம் அதற்குக் கட்டாயம். விநியோகத்துக்கு ஓடும் வண்டிகளில் பல, தனியாக வாங்கிப் பூட்டிய மோட்டாரோடும், சட்டகத்தில் பசைநாடாவால் சுற்றிய பெரிய மின்கலத்தோடும் ஓடுவதை ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் நிற்கும் எவரும் பார்க்கலாம்.

இதனால் உங்களுக்கு என்ன நன்மை என்றால், காப்புறுதி இல்லாத மோட்டார் வாகனமோ, மோதிவிட்டு அடையாளம் தெரியாமல் போன மோட்டார் வாகனமோ காயப்படுத்தினால் நட்டஈடு கொடுப்பதற்கென்றே 1946இல் தொடங்கிய ஓர் அமைப்பு இருக்கிறது. அது எம்.ஐ.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் மோட்டார் காப்புறுதியாளர் பணியகம். காப்புறுதி நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் அந்தப் பணியகம் மிதிசைக்கிளுக்குப் பொறுப்பேற்பதில்லை. ஆகவே அதே நடைபாதை, அதே வேகம், அதே முறிந்த மணிக்கட்டு என்றாலும், ஓடிப்போனவர் மிதிசைக்கிளில் வந்திருந்தால் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. வரம்பு மீறிய மின்சார வண்டியில் வந்திருந்தால் விண்ணப்பிக்க ஓரிடம் இருக்கிறது. மோட்டார் வாகனம்தான் என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. மாமியாரிடமும் பார்த்தவர்களிடமும் இவற்றைக் கேளுங்கள்: வரும்போது மிதித்தாரா, கால்கள் அசையாமல் இருந்தனவா, கைபிடியை முறுக்கினாரா, சக்கரத்தின் நடுப்பகுதி தடித்திருந்ததா, போகும்போது மிதிக்காமலே வேகமெடுத்தாரா. கமராப் பதிவு கிடைத்தால் அதில் முதலில் பார்க்க வேண்டியது ஓட்டியவரின் முகத்தைவிட அவருடைய கால்களைத்தான். எம்.ஐ.பி.க்கு நீங்களே இணையத்தில் இலவசமாக விண்ணப்பிக்கலாம். பொலிஸ் முறைப்பாட்டு இலக்கத்தை அங்கே கேட்பார்கள்.

அந்த இலக்கத்தைத் தந்துவிட்டு மௌனமாக இருக்கும் பொலிஸாரை அப்படியே விட்டுவிடாதீர்கள். கவனயீனமாகவும் ஆபத்தாகவும் சைக்கிள் ஓட்டுவது 1988ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டப்படி தனிக் குற்றங்கள்; கவனயீனத்துக்கு ஆயிரம் பவுண் வரையும், ஆபத்தான ஓட்டத்துக்கு 2,500 பவுண் வரையும் அபராதம் விதிக்கலாம். ஆனால் இவற்றுக்கு ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும். கோப்பு மேசைக்கு மேசை நகர்ந்து அந்த ஆறு மாதம் கழிந்துவிட்டால், பிறகு குற்றவாளி நேரில் வந்து நின்றாலும் ஒன்றும் செய்யமுடியாது. பொலிஸார் உள்ளூராட்சிச் சபையைக் காட்டுவதும், சபை விநியோக நிறுவனத்தைக் காட்டுவதும், நிறுவனம் தான் வெறும் செயலி என்று சொல்வதுமாக, எலும்பு முறிந்த ஒரு முதிய பெண்ணை இவர்கள் சுற்றவிடுவதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அந்த இலக்கத்தைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். நட்டஈட்டு வழக்குக்கு விபத்து நடந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் அவகாசம் உண்டு. இரண்டு காலக்கெடுக்களையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இனி அந்தத் தொலைபேசிக்காரர். நட்டஈட்டுக் கோரிக்கைகளுக்காக, முன் சம்மதம் இல்லாதவரைத் தொலைபேசியில் அழைப்பது 2018 செப்டம்பரிலிருந்து சட்டவிரோதம். இத்தகைய கோரிக்கை முகவர்கள் 2019 ஏப்ரலிலிருந்து எப்.சி.ஏ. என்ற நிதி ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி பெற்றிருக்க வேண்டும். அதன் பதிவேட்டை எவரும் இணையத்தில் பார்க்கலாம். காயம் தொடர்பான வழக்கொன்றைக் கொண்டுவந்து தந்ததற்காக ஒரு சட்டத்தரணி தரகு கொடுப்பதும் 2013 ஏப்ரலிலிருந்து தடை. அப்படியிருக்க, ஊர்ப்பெயரைச் சொல்லி, அம்மாவுக்கு எப்படியிருக்கிறது என்று உருகும் ஒருவர் எதற்காக இவ்வளவு சிரமப்படுகிறார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் நீளும் அந்த ஒப்பந்தத்தில், நடுவில் விலகினால் அவருக்குக் கட்டணம் தர வேண்டும் என்ற வரி இருக்கக்கூடும். வென்றால்தான் கட்டணம் என்ற முறையில் வேலை செய்யும் சட்டத்தரணி, வலிக்கும் வேதனைக்குமான தொகையிலும் அதுவரை ஏற்பட்ட இழப்புக்கான தொகையிலும் சேர்த்து 25 சதவீதத்துக்கு மேல் வெற்றிக் கட்டணமாக எடுக்கமுடியாது. அதற்கு மேல் ஒரு காப்புறுதிக் கட்டணம் வருமா என்று மட்டும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இந்தத் தரகர்களில் சிலர் செய்யும் மிகக் கொடிய காரியம் இன்னொன்று. மணிக்கட்டோடு கழுத்து வலியையும் சேர்த்துச் சொல்லுங்கள், வீட்டு வேலைக்கு ஆள் வைத்ததாக எழுதுங்கள் என்று சொல்லிக்கொடுப்பார்கள். 2015ஆம் ஆண்டின் ஒரு சட்டத்தின்படி, காயப்பட்டவர் அடிப்படையில் நேர்மையற்று நடந்தார் என்று நீதிமன்றம் கண்டால், உண்மையான காயத்துக்கான பகுதியையும் சேர்த்து முழுக் கோரிக்கையையும் தள்ளுபடி செய்ய வேண்டும். மிக அரிதாகவே விட்டுக்கொடுக்கலாம். தரகர் அந்த நாளில் நீதிமன்றத்துக்கு வரமாட்டார். கூண்டில் நிற்பவர் உங்கள் மாமியாராகத்தான் இருப்பார்.

உங்கள் கணவரிடம் இதையும் சொல்லுங்கள். 2020 ஒக்ரோபரில் ஹன்டிங்டன் நகரில், நடைபாதையில் எதிரே சைக்கிளில் வந்த 77 வயதுப் பெண்ணைப் பார்த்து, நடந்து வந்த ஒரு பெண் கத்திக் கையை வீசினார். சைக்கிளில் வந்தவர் வீதியில் விழுந்து கார் மோதி இறந்தார். அது பொதுப் பாதையா இல்லையா என்பதைக்கூட அதிகாரிகளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நடந்து வந்தவருக்கு 2023இல் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2024 மே மாதத்தில்தான் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை இரத்துச் செய்தது. கையை வீசியதற்கே இந்தக் கதி என்றால், பிடித்து இழுத்தால் என்ன ஆகும் என்று அவர் எண்ணிப் பார்க்கட்டும். அதே இளைஞரை மறுபடி கண்டால் வழிமறிக்காமல் பெயரையும் முகவரியையும் கேட்கலாம். கவனயீனமாக ஓட்டியதாகக் குற்றஞ்சாட்டப்படும் சைக்கிளோட்டி, நியாயமான காரணத்தோடு கேட்பவருக்கு அவற்றைத் தர மறுத்தால் அதுவும் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 168ஆம் பிரிவின்படி குற்றம். தர மறுத்தால் வண்டியையும் அவர் கால்களையும் சேர்த்து ஒரு சிறு வீடியோ எடுத்து, நேரத்தைக் குறித்து, பொலிஸ் முறைப்பாட்டோடு சேருங்கள். கமராப் பதிவைக் கேட்கும் கடிதங்கள் மட்டும் நாளைக்கே கடைகளுக்குப் போய்ச் சேரட்டும்.