சிர் பைன் மரத்தின் இயல்புகள் என்ன? அது இயற்கையாக எங்கே வளரும்?

கொடைக்கானல் பைன் காட்டைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது மனிதர்கள் நட்டு வளர்த்தது. சிர் பைனின் சொந்த ஊர் இமயமலையின் கீழ்ச்சரிவுகள். பாகிஸ்தானில் தொடங்கி இமாச்சல், உத்தராகண்ட், நேபாளம் என்று பூட்டான் வரை, சுமார் 500 முதல் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும். இன்னும் மேலே ஏறினால் நீலப் பைன். குழப்பமாக இருந்தால் கொத்துக்கு எத்தனை ஊசி இலை என்று எண்ணுங்கள்: சிர் என்றால் மூன்று, நீலம் என்றால் ஐந்து.

உத்தராகண்டில் அல்மோரா பக்கம் ஒரு சாலை வேலைக்காகத் தங்கியிருந்தவன் நான். வெயில் விழும் தெற்குச் சரிவு முழுக்க இந்த மரம்தான். செம்பழுப்புப் பட்டை, ஆழமாக வெடித்துப் பாளம் பாளமாக நிற்கும். தரையோடு ஓடும் தீ அதைக் கருக்கிவிட்டுப் போகும். வளர்ந்த மரம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பட்டையைச் சீவி, கீழே கூம்புக் குவளை மாட்டியிருப்பார்கள். அதில் சொட்டும் பிசினை அங்கே லீசா என்பார்கள். அதைக் காய்ச்சி வடித்தால் டர்பன்டைன், மிஞ்சுவது ரோசின் என்ற கட்டிப் பிசின்.

உதிர்ந்த ஊசிக்குப் பெயர் பிரூல். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். கோடையில் காய்ந்து மெத்தை போலக் கிடக்கும், கால் வைத்தால் சறுக்கும். அப்படிச் சறுக்கித்தான் மணிக்கட்டு பிசகியது.

'வெள்ளைக்காரன் கொண்டுவந்த மரம்' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவன் வருவதற்கு முன்பே அங்கே இருந்த மரம் இது. பிசினுக்கும் மரத்துக்கும் ஆசைப்பட்டு இதை வளர்த்துப் பெருக்கினான், காட்டுக்குள் மக்களின் உரிமையைச் சுருக்கினான், அது உண்மை. 1921இல் அல்மோரா இருக்கும் குமாவோன் பகுதி மக்கள் அந்த ஆத்திரத்தில்தான் பைன் காடுகளுக்குத் தீ வைத்தார்கள்.

பைனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். பிரூல் சட்டென்று பற்றும், கோடைத் தீக்கு அது பெரிய காரணம், மறுக்கவில்லை. ஆனால் ஓக் மரக்காட்டை இது விழுங்குகிறது என்று இதன்மேல் மட்டும் பழி போடாதீர்கள். இதன் கன்றுக்கு நல்ல வெயில் வேண்டும்; அடர்ந்த ஓக் நிழலில் தேறாது. விறகுக்கும் மாட்டுத் தழைக்கும் ஓக்கைக் கழித்துக் கழித்து வெயிலை உள்ளே விட்டது நாம். சிறகு முளைத்த விதை காற்றில் வந்து அங்கே விழுந்தால், முளைக்காமல் என்ன செய்யும்?