ஒக்டோபர் புள்ளியும் ஏப்ரல் கணக்கும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஹொக்கி பற்றியவை. சீசன் தொடங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் சிலர் சீசன் முடிவில் கிடைக்கிற ஸ்ரான்லி கிண்ணத்தையே தூக்கிவிட்டார்கள், சிலர் கோச்சை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நகரசபை அரங்கில் ஐஸைச் சீராக்கும் ஸம்போனி வண்டி ஓட்டுகிறவனுக்கு ஹொக்கியில் எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள் போல. சரி, தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: காலையில் பேரன் போனைப் பார்த்துவிட்டு, “தோத்திட்டம் அம்மம்மா, ஆனா ஒரு பொயின்ற் கிடைச்சிட்டுது” என்கிறான். தோற்றவருக்கு எதற்குப் புள்ளி? (ஓர் அம்மம்மா, மார்க்கம்)

அம்மா, பேரன் சொன்னது சரி. என்.எச்.எல். என்ற ஆண்கள் லீக்கில் வென்றால் 2 புள்ளி. 60 நிமிடத்துக்குள் தோற்றால் ஒன்றும் இல்லை. 60 நிமிடமும் சமநிலையில் முடிந்து, பிறகு ஓவர்ரைம் என்ற மேலதிக நேரத்திலோ, கோல் காவலரை எதிர்த்து ஒவ்வொருவராக அடிக்கிற ஷூட்அவுட்டிலோ தோற்றால் 1 புள்ளி.

முன்பு அப்படி இல்லை. ஓவர்ரைமில் தோற்றவர் வெறுங்கையோடு போவார், கோல் விழாமல் முடிந்தால் ஆளுக்கு ஒன்று. அதனால் ஓவர்ரைம் தொடங்கியதும் இரண்டு பக்கமும் கையில் இருக்கிற ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். அதைக் கலைக்கத்தான் 1999-2000 சீசனில் ஓவர்ரைமில் தோற்றவருக்கும் ஒன்று என்று வைத்தார்கள். 2005-06இல் ஷூட்அவுட் வந்து, சமநிலை என்பதே ஒழிந்தது. 2015-16இலிருந்து ஓவர்ரைமில் அணிக்கு மூன்று பேர், 5 நிமிடம். அது பார்க்க நல்ல விறுவிறுப்பு, அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் பழைய தூக்கம் எங்கேயும் போய்விடவில்லை. ஓவர்ரைமிலிருந்து எழும்பி, 60 நிமிடத்தின் கடைசி இருபதான மூன்றாம் பீரியட்டின் கடைசிப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. 2-2 என்று நிற்கிறபோது கவனித்துப் பாருங்கள். பக் என்ற வட்டை நடுக்கோட்டுக்கு அப்பால் தள்ளிவிட்டு, ஆள் மாற்ற எல்லோரும் பெஞ்சுக்குப் போவார்கள். அந்தப் பக்கத்தாரும் அதையே செய்வார்கள். இருவருக்கும் தலைக்கு ஒரு புள்ளி நிச்சயம், பிறகு ஏன் வம்பு?

ரொறன்ரோ செப்ரர்ஸ் ஆடுகிற பெண்கள் லீக்கில், 60 நிமிடத்தில் வென்றால் 3, அதற்குப் பிறகு வென்றால் 2, அதற்குப் பிறகு தோற்றால் 1. எந்த ஆட்டமானாலும் மொத்தம் 3 புள்ளிதான். கணக்கு நேராக இருக்கிறது. ஆண்கள் லீக்கிலோ ஓர் ஆட்டத்தில் 2 புள்ளி, இன்னோர் ஆட்டத்தில் 3 புள்ளி என்று பிரிகிறது. இதை மாற்றாமல் வைத்திருப்பதற்குக் காரணம், மார்ச் மாதத்திலும் பாதிக்கு மேற்பட்ட ஊர்களில் “இன்னும் வாய்ப்பு இருக்கிறது” என்று சொல்லி ரிக்கற் விற்கலாம் என்பதுதான் என்று நான் நினைக்கிறேன். பேரனிடம் இதைச் சொல்ல வேண்டாம், சந்தோசமாக இருக்கட்டும்.

கேள்வி: என் அணி 12 புள்ளி, நண்பனின் அணி 10 புள்ளி. ஆனால் தன் அணிதான் மேல் என்று அவன் விடாமல் சண்டை பிடிக்கிறான். (பிரம்ரன் வாசகர்)

இருவரும் எத்தனை ஆட்டம் ஆடினீர்கள் என்று எழுதவில்லையே தம்பி! ஒக்டோபரில் முதலில் பார்க்க வேண்டிய கட்டம் அதுதான். அரங்கில் இசை நிகழ்ச்சி இருக்கும், ஐரோப்பாவுக்குப் போய் ஆடிவிட்டு வந்த அணிக்கு இடைவெளி இருக்கும், அட்டவணை ஒரே சீராக ஓடாது. நீங்கள் 11 ஆட்டத்தில் 12 எடுத்திருந்தால், எடுக்கக்கூடிய 22 புள்ளியில் பாதியைச் சற்றுத் தாண்டியிருக்கிறீர்கள், 0.545. அவர் 8 ஆட்டத்தில் 10 என்றால் 0.625. அப்படியென்றால் உங்கள் நண்பன் சொல்வதுதான் சரி. ஏப்ரலில் எல்லோரும் 82 ஆட்டம் முடித்ததும் இந்தச் சண்டை தானாகத் தீரும். 2026-27 முதல் 84 ஆட்டம், சண்டை இன்னும் கொஞ்சம் நீளும்.

கேள்வி: எங்கள் அணி நன்றாகத் தொடங்கிவிட்டது. இப்போதே கொண்டாடலாமா அண்ணை? (ரொறன்ரோ லீவ்ஸ் ரசிகை, ஸ்காபரோ)

கொண்டாடுங்கள் தங்கச்சி, 1967க்குப் பிறகு கிண்ணம் காணாத ஊர், கிடைத்த நாளில் கொண்டாட வேண்டியதுதான். ஆனால் கடையில் கேக்குக்குச் சொல்ல வேண்டாம்.

1993-94இல் இதே லீவ்ஸ் முதல் 10 ஆட்டத்தையும் வென்றார்கள். சீசன் தொடக்கத்தில் அதைவிட நீளமான வெற்றித்தொடர் என்.எச்.எல்.லில் வந்ததில்லை. 2006-07இல் பஃபலோ சேபர்ஸ் அதைச் சமன் செய்ததோடு சரி. இரண்டு அணியும், லீக்கின் கிழக்கு, மேற்கு என்ற பிரிவில் தங்கள் பக்கத்து இறுதிச் சுற்றோடு நின்றுவிட்டன. லீவ்ஸ் வன்கூவரிடமும், பஃபலோ ஒட்டாவாவிடமும் தோற்றன. 2024-25இல் வின்னிபெக் ஜெற்ஸ் முதல் 16 ஆட்டத்தில் 15 வென்றது. லீக் வரலாற்றில் யாரும் அப்படித் தொடங்கியதில்லை. அவர்களின் கோலி (கோல் காவலர்) கொனர் ஹெலபக் அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையே வாங்கினார். அணி 116 புள்ளியோடு லீக்கில் முதலிடம். ஆனால் 16 அணிகள் கிண்ணத்துக்காக மோதுகிற பிளேஓஃபின் இரண்டாம் சுற்றில் டலஸ் அவர்களை வீட்டுக்கு அனுப்பியது. நல்ல தொடக்கம் கிண்ணம் வரை போனதும் உண்டு. 2013இல் சிக்காகோ 24 ஆட்டம் வரை 60 நிமிடத்துக்குள் ஒருமுறைகூடத் தோற்காமல் போய், கடைசியில் வென்றது. அது ஜனவரியில் தொடங்கிய 48 ஆட்டச் சீசன், அதையும் நினைவில் வையுங்கள்.

உங்களைப் பயமுறுத்த வேண்டுமென்றால் எனக்குப் பிடித்த உதாரணம் 2013-14 லீவ்ஸ். முதல் 7 ஆட்டத்தில் 6 வெற்றி, ஊரெல்லாம் நீலக்கொடி. ஆனால் ஆட்டத்தைப் பார்த்தால் பக் பெரும்பாலும் எதிரியிடம்தான். எதிரணி 35, 40 ஷொட் அடிக்கும், இவர்கள் 25 அடிப்பார்கள். இவர்களின் கோலி மலைபோல நிற்பார், இவர்கள் அடித்ததில் எப்படியோ மூன்று உள்ளே போய்விடும். “வெற்றி வெற்றிதானே” என்று ஊர் சொன்னது. மார்ச் நடுப்பகுதியில் கோல் விழுவது நின்றது. கடைசி 14 ஆட்டத்தில் 12 தோல்வி, பிளேஓஃப் இல்லை.

இதைப் பார்க்க ஓர் எளிய கூட்டல் இருக்கிறது. ஓர் அணி அடித்த ஷொட்டில் நூற்றுக்கு எத்தனை கோல், அதன் கோலி தடுத்தது நூற்றுக்கு எத்தனை, இரண்டையும் கூட்டுங்கள். லீக் முழுவதற்கும் அது 100தான் வரும், ஏனென்றால் ஒருவர் அடிக்கிற கோல் இன்னொருவர் தடுக்காமல் விட்டது. ஒக்டோபரில் ஒரு அணி 105இல் நின்றால், அதில் கொஞ்சம் கடன் வாங்கிய அதிர்ஷ்டம் இருக்கிறது. 95இல் நின்று தோற்கிற அணியின் கோச்சைத் திட்டுவதற்கு முன் ஒரு மாதம் பொறுக்கலாம்.

கேள்வி: அப்படியென்றால் கடைசி இடத்தில் கிடக்கிற அணிக்கு நம்பிக்கை வைக்கலாமா? கோச்சை மாற்றினால் சரிவருமா? (அஜாக்ஸ் வாசகர்)

எந்தக் கடைசி என்பதைப் பொறுத்தது. 2023 இலையுதிர்காலத்தில் ஒரே நேரத்தில் இரண்டு அணிகள் அடியில் கிடந்தன. எட்மன்ரன் ஒயிலர்ஸ் முதல் ஆட்டத்திலேயே வன்கூவரிடம் 8-1 என்று வாங்கிக்கட்டியது. சான் ஹொசே ஷார்க்ஸ் முதல் 11 ஆட்டத்தில் ஒன்றுகூட வெல்லவில்லை, ஒரே ஒரு ஓவர்ரைம் புள்ளிதான். நவம்பர் 9ஆம் திகதி இரண்டும் மோதின. வென்றது ஷார்க்ஸ், 3-2. ஒயிலர்ஸ் 12 ஆட்டத்தில் 2 வெற்றி. மூன்று நாளில் கோச் ஜே வூட்குரொஃப்ற் போய், கிறிஸ் நொப்லொக் வந்தார்.

அட்டவணையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். ஆனால் ஷார்க்ஸ் அதற்குச் சில நாள் முன்புதான் அடுத்தடுத்த ஆட்டங்களில் 10-1, 10-2 என்று தோற்றிருந்தது. அங்கே ஆளும் இல்லை, ஆட்டமும் இல்லை. ஒயிலர்ஸில் நட்சத்திர ஆட்டக்காரர்களான மக்டேவிட்டும் ட்ரைசைட்டலும் இருந்தார்கள், வாய்ப்புகள் வந்துகொண்டுதான் இருந்தன. பின்னால் கோலுக்குள் எல்லாம் நுழைந்துகொண்டிருந்தது. இரண்டு கோலிகளில் ஒருவரான ஜாக் கம்பெல்லைக் கீழ் லீக்குக்கே அனுப்பியிருந்தார்கள். மிச்சக் கதை உங்களுக்குத் தெரியும். டிசம்பர் கடைசியில் தொடங்கி 16 ஆட்டம் தொடர்ந்து வென்று, லீக் சாதனையைத் தொட ஒன்று மட்டும் குறைந்தது. இறுதிப்போட்டியில் புளோரிடாவிடம் 0-3 என்று விழுந்து, 3-3 என்று எழும்பி, ஏழாவது ஆட்டத்தில் 2-1 என்று தோற்றார்கள். ஷார்க்ஸ் 47 புள்ளியோடு கடைசியிலேயே முடித்தது.

கோச் விஷயத்தில் நான் கொஞ்சம் பழைய ஆள். 2022இல் நியூ ஜேர்சி முதல் இரண்டு ஆட்டம் தோற்றதும் சொந்த அரங்கிலேயே லிண்டி ரஃபை அனுப்பச் சொல்லிக் கூச்சல். அவரை அனுப்பவில்லை. அதே மாதக் கடைசியில் தொடங்கி 13 வெற்றி தொடர்ந்து. அதே சனம் அதே அரங்கில் “சொறி லிண்டி” என்று கத்தியது. ஆனால் சென் லூயிஸ் 2018 நவம்பரில் கோச்சை மாற்றியது, 2019 ஜனவரி 3ஆம் திகதி காலையில் லீக்கிலேயே கடைசி, 34 புள்ளி. ஜூன் மாதம் கிண்ணம் அவர்கள் கையில். எனவே கோச்சை மாற்றினால் நல்லதா என்றால், உங்கள் கோலி யார் என்று நான் திருப்பிக் கேட்பேன். சென் லூயிஸுக்கு ஜனவரியில் கோலி பின்னிங்ரன் கிடைத்தார்.

கேள்வி: ஒக்டோபரில் ஒரு ஆட்டம் தோற்றால் என்ன குறைந்துவிடும்? (மிசிசாகா வாசகர்)

புளோரிடா பாந்தேர்ஸைக் கேளுங்கள். 2017-18இல் 96 புள்ளி எடுத்தும் ஒரே ஒரு புள்ளியால் பிளேஓஃபுக்கு வெளியே நின்றார்கள்.

அதைவிடக் கொடுமை 2024 ஏப்ரல். வொஷிங்ரனும் டிட்ரொயிற்றும் 91 புள்ளியில் சமம். வெற்றி எண்ணினால் டிட்ரொயிற் 41, வொஷிங்ரன் 40. உள்ளே போனது வொஷிங்ரன்! சமநிலையில் முதலில் பார்ப்பது 60 நிமிடத்துக்குள் வென்ற ஆட்டங்களை மட்டும். அதில் வொஷிங்ரனுக்கு 32, டிட்ரொயிற்றுக்கு 27. ஓவர்ரைமில் துள்ளிக் குதித்து வென்றவை கடைசியில் உதவவில்லை.

அதே கடைசி வாரத்தில் பிலடெல்பியா செய்ததை நான் மறக்க மாட்டேன். வொஷிங்ரனோடு 1-1. ஓவர்ரைமில் வென்றால் பிரயோசனம் இல்லை, 60 நிமிடத்துக்குள் வென்றே ஆக வேண்டும். கோச் ஜோன் ரொட்டரெல்லா சமநிலையில் இருக்கிறபோதே கோலியை வெளியே கூப்பிட்டு ஆறாவது ஆட்டக்காரரை இறக்கினார். தோற்றுக்கொண்டிருக்கிற அணிதான் அப்படிச் செய்யும். வொஷிங்ரனின் ரி.ஜே. ஓஷி நீளமாகத் தள்ளிய பக், ஆளில்லாத கோலுக்குள் உருண்டு போனது. 2-1, கதை முடிந்தது. அட்டவணையில் 60 நிமிடத்துக்குள் வென்றதை எண்ணுகிற “ஆர்.டபிள்யூ.” என்று ஒரு கட்டம் இருக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள். நான் இப்போதே பார்க்கிறேன்.

கேள்வி: நன்றி நவிலல் நாளில் பிளேஓஃப் இடத்துக்குள்ளே இருக்கிற அணிதான் ஏப்ரலிலும் உள்ளே இருக்கும் என்கிறார்களே? எங்கள் அணி அன்றைக்கு வெளியே இருந்ததே! (பிக்கறிங் வாசகி)

நீங்கள் வான்கோழி சாப்பிட்டது நம் நாட்டு நாளில், ஒக்டோபர் இரண்டாவது திங்கள். அப்போது சீசனே தொடங்கி ஒரு வாரம்தான் இருக்கும். அவர்கள் சொல்வது அமெரிக்க நாள், நவம்பர் நான்காவது வியாழன். அன்று உள்ளே இருக்கிற 16 அணிகளில் சராசரியாக நான்கில் மூன்று ஏப்ரலிலும் இருக்கின்றன. இன்னும் நாள் இருக்கிறது.

கேள்வி: இந்த மாதம் ஆட்டங்களில் பக் ஏன் இப்படித் துள்ளுகிறது? (ஒரு அப்பா, ஸ்காபரோ)

அப்பாடா, என் வேலை பற்றி ஒரு கேள்வி! ஐஸ் ஒரு அங்குலம் அல்லது அதற்கும் குறைந்த தடிப்புத்தான். வெளியே சூடும் ஈரமும் இருந்தால், கதவு திறக்கிற ஒவ்வொரு முறையும் ஈரம் உள்ளே வந்து மேற்பரப்பு இளகும். பெரிய அரங்கில் ஆயிரக்கணக்கான சனத்தின் மூச்சும் சேரும். அதனால்தான் ஆட்டத்துக்கு முன் பக்கை உறைய வைத்துக் கொண்டுவருகிறார்கள், குளிர்ந்த பக் குறைவாகத் துள்ளும். நாங்கள் ஓட்டுகிறபோது ஊற்றுவது சுடுதண்ணீர், அது கீறல்களுக்குள் நன்றாக இறங்கிப் பிடிக்கும். ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் பாஸ் எல்லாம் தப்புகிறதென்றால் ஆட்டக்காரரை மட்டும் திட்ட வேண்டாம்.

கேள்வி: மேற்குக் கரை ஆட்டம் பார்க்க அப்பா விடுகிறார் இல்லை. சொல்லுங்கோ மாமா. (வயது 10, மார்க்கம்)

வன்கூவரில் 7 மணி என்றால் இங்கே இரவு 10 மணி, ஆட்டம் முடிய நள்ளிரவு தாண்டி ஒரு மணியாகிவிடும். அடுத்த நாள் பள்ளிக்கூடம் என்றால் நான் அப்பா பக்கம். வெள்ளிக்கிழமை என்றால் இரண்டாம் பீரியட் வரை கேட்டுப் பாருங்கோ.