முள் ‘எச்’ பக்கம் போகிறது, இன்ஜின் கொதிக்கவில்லை: எதை நம்புவது?

கேள்வி: என்னிடம் இருப்பது 1998 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. மடிப்பாக்கத்திலிருந்து கிண்டி போவதற்குள் டெம்பரேச்சர் முள் ‘எச்’ பக்கத்தில் போய் நின்றுவிடுகிறது. ஓரமாக நிறுத்திப் பார்த்தால் கொதிக்கிற சத்தம் இல்லை. தண்ணீர் குறையவில்லை. ரேடியேட்டர் ஃபேன் வழக்கம்போல ஓடி நிற்கிறது. இரவில் ஹெட்லைட் போட்டால் முள் இன்னும் கொஞ்சம் ஏறுகிறது. ஒரு மெக்கானிக் ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் ஹெட் கேஸ்கட் (இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: இரண்டையும் இப்போதைக்கு மாற்றாதீர்கள். ஹெட்லைட் போட்டால் முள் ஏறுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. இன்ஜினுக்குள் சுற்றுவது மூன்று, நான்கு லிட்டர் தண்ணீர். லைட் போட்ட சில நொடிகளில் அது சூடேற வழியே இல்லை. அங்கே மாறியது மின்சாரம்தான். முள் எங்கே நிற்கிறது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் நகர்கிறது என்பது அதிகம் சொல்லும். நிஜமான சூடு நிமிடக் கணக்கில் ஏறும், நிமிடக் கணக்கில் இறங்கும். பொய்ச் சூடு சுவிட்சைத் தட்டியதும் வரும்.

ஆனாலும் அளந்து பார்க்கும்வரை முள்ளை நம்புங்கள். உங்கள் இன்ஜினின் ஹெட், அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பாகம், அலுமினியம். ஒருமுறை நன்றாகச் சூடேறி வளைந்துவிட்டால், ‘மீட்டர் சும்மா காட்டுகிறது’ என்று ஓட்டியதற்குப் பெரிய விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

முதலில் உண்மையான சூட்டை அளக்க வேண்டும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் உள்ள எலக்ட்ரீஷியனிடம் போங்கள். இன்ஜின் நன்றாகச் சூடானபின், ரேடியேட்டரின் மேல் ஹோஸ் வந்து சேரும் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) மூடியில் அளக்கச் சொல்லுங்கள். பளபளப்பான அலுமினியத்தில் இந்தக் கருவி குறைத்துக் காட்டும். அதனால் அந்த இடத்தில் சின்னதாகக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன்மேல் அளப்பது நல்லது. வெளிப்பக்கம் உள்ளே இருக்கும் தண்ணீரைவிடச் சில டிகிரி குறைவாகவே இருக்கும். 80 முதல் 95 டிகிரிக்குள் இருந்தால் இன்ஜின் நலம். 105ஐத் தாண்டினால் முள் சொல்வது உண்மை, கூலிங்கைத்தான் பார்க்க வேண்டும்.

உங்களுக்கு இன்னொரு சாட்சியும் இருக்கிறது. கார்புரேட்டர் மாடலில் ஃபேனை ஓட்டுவது தனி தெர்மல் ஸ்விட்ச். மீட்டருக்குத் தகவல் கொடுப்பது வேறொரு சென்சார். ஃபேன் ஓடி, பிறகு தானாக நிற்கிறது என்றால், அந்த ஸ்விட்ச் பழுதில்லாதவரை தண்ணீர் கட்டுக்குள் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அடுத்து தண்ணீர் மட்டம். ரிசர்வ் பாட்டிலை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். காலையில் இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, வாய்வரை இருக்கிறதா என்று பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும், திறந்த கணத்தில் முகத்தில் பீறிடும். இங்கே எல்லா வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சென்சார் தண்ணீரில் முழுகி இருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் வடிந்து சென்சாரைச் சுற்றிக் காற்று நின்றுவிட்டால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் ‘சி’க்கு, அதாவது குளிர் பக்கத்துக்கு, இறங்கலாம். ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென விழுந்தால், அப்பாடா என்று மூச்சு விடாமல் உடனே இன்ஜினை நிறுத்துங்கள்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். இந்த மீட்டரின் வேலை எளிமையானது. சென்சாருக்கு ஒரே ஒயர். எர்த், அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி, இன்ஜின் உடம்புதான். சூடு ஏற ஏற சென்சாரின் மின்தடை குறையும், கரண்ட் கூடும், முள் ஏறும். பேட்டரி மைனஸ், இன்ஜின், பாடி மூன்றுக்கும் இடையிலான எர்த் பலவீனமானால், ஹெட்லைட் மாதிரி பெரிய லோடு வரும்போது இந்தக் கணக்கு குழம்பும். என் முதல் சந்தேகம் அங்கேதான். கடல் காற்றும், மழைக்காலத்தில் உங்கள் பகுதித் தெருக்களில் தேங்கும் தண்ணீரும் இருபது வருடத்துக்கு மேலான எர்த் ஒயரை விட்டுவைக்காது. பார்க்க நன்றாக இருக்கும், போல்ட்டைக் கழற்றினால் அடியில் துரு.

சோதிக்க மல்டிமீட்டர் போதும். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட் போட்டு, ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை பாடியின் சுத்தமான உலோகத்திலும் வையுங்கள். பிறகு அதே சோதனையை இன்ஜின் உடம்பில் செய்யுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயரின் இரண்டு முனைகளையும் கழற்றி, உப்புத்தாளால் பளபளவெனத் தேய்த்து, இறுக்கி மாட்டுங்கள். டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள எர்த்தையும் சேர்த்துப் பாருங்கள். பெட்ரோல் முள்ளும் அதிகமாகக் காட்டினால் சந்தேகம் இன்னும் அந்தப் பக்கம் சாயும்.

அப்புறமும் சரியாகவில்லையா? சாவியை ஆன் செய்து சென்சார் ஒயரைக் கழற்றுங்கள். முள் ‘சி’க்கு வர வேண்டும். வராவிட்டால் ஒயர் எங்கோ உரசி பாடியில் தொடுகிறது, அல்லது மீட்டரே பழுது. வந்துவிட்டால், அந்த ஒயரை ஒரு சின்ன டாஷ்போர்டு பல்பு வழியாக எர்த்தில் தொடுங்கள். முள் அசைந்து ஏறினால் மீட்டரும் ஒயரும் உயிரோடு இருக்கின்றன. நேரடியாக எர்த்தில் பிடித்து வைத்தால் மீட்டர் கருகலாம்.

மிச்சம் சென்சார். இன்ஜின் ஆறியபின் கழற்றி, அடுப்பில் தண்ணீர் வைத்து அதன் நுனியை மட்டும் முக்கி மின்தடையைப் பாருங்கள். சென்னை கடல் மட்டத்தில் இருப்பதால் தண்ணீர் கொதிக்கும் இடம் 100 டிகிரி என்று தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். பல பழைய கார்களில் ஆறியபோது சில நூறு ஓமாக இருப்பது, கொதிக்கும்போது சில பத்துகளுக்குச் சீராக இறங்கும். தாவினாலோ, ஆறியிருக்கும்போதே மிகக் குறைவாகக் காட்டினாலோ மாற்றிவிடுங்கள். நுனியில் போர் தண்ணீரின் உப்புப் படிவு ஏறியிருந்தால், இனி கூலன்ட் (ரேடியேட்டருக்கென்றே விற்கும் திரவம்) தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள்.

அண்மையில் யாராவது சென்சாரை மாற்றினார்களா என்றும் விசாரியுங்கள். மரை பொருந்துகிறது என்பதற்காக வேறு மாடலின் சென்சாரைப் போட்டால், இன்ஜின் நன்றாக இருக்கும்போதே முள் தப்பாகக் காட்டும். மரையில் டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் எர்த் கெட்டு, முள் குறைத்துக் காட்டும். முள் எப்போதும் கீழேயே கிடக்கும் வண்டிகளில் இதையும் தெர்மோஸ்டாட்டையும் பாருங்கள். ‘நம்ம ஊர் வெயிலுக்குத் தேவையில்லை’ என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

ஹெட் கேஸ்கட் போயிருந்தால் தண்ணீர் குறையும், ரேடியேட்டரில் குமிழி வரும், அல்லது ஆயில் பால் கலந்தது போலாகும். இவற்றில் எதையும் நீங்கள் சொல்லவில்லை. ஹெட்டைத் திறக்க இப்போது காரணம் இல்லை.

சென்சார் வாங்கத்தான் வேண்டும் என்றால் சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். பழையதைக் கையில் எடுத்துப் போய், கார்புரேட்டர் மாடலுக்கு என்று சொல்லிக் கேளுங்கள். பின்னாளில் வந்த எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும்) மாடலுக்கானதைக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.