கோழிக் கொட்டகை எலிக்கு ஏர் ரைஃபிள்: சத்தம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு முட்டைக்கோழி வளர்க்கிறேன். இரவானால் எலிகள் தீவனத் தொட்டியைக் காலி செய்கின்றன, முட்டையையும் விடுவதில்லை. கோழிகள் திரியும் இடம் என்பதால் விஷம் வைக்கப் பயமாக இருக்கிறது. ஏர் ரைஃபிள் வாங்க நினைக்கிறேன். சுடும் தூரம் 10 முதல் 15 மீட்டர்தான். பக்கத்து வீடு மிக நெருக்கம், கோழிகளும் மிரளக் கூடாது. சத்தமே வராத துப்பாக்கி எது? வேகம் அதிகம் என்று விளம்பரம் செய்வதை வாங்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். பெட்டியின் மேல் நொடிக்கு 1,250 அடி, 1,300 அடி என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதுதான் உங்கள் வேலைக்குச் சுத்தமாகப் பொருந்தாத துப்பாக்கி. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர், அதாவது ஏறக்குறைய 1,125 அடி. பெல்லட், அதாவது ஏர் ரைஃபிளில் போடும் சின்னக் குண்டு, அதைத் தாண்டினால் காற்றிலேயே சவுக்கைச் சொடுக்கியது போல ஒரு வெடிப்புச் சத்தம் எழும். எப்பேர்ப்பட்ட சைலன்சரை மாட்டினாலும் அந்தச் சத்தம் அடங்காது, ஏனென்றால் அது குழலை விட்டு வெளியே வந்த பிறகு பிறப்பது. போதாக்குறைக்கு, அந்த வேகமெல்லாம் மிக இலேசான உலோகக் கலவை பெல்லட்டைப் போட்டு அளந்தது. குறியும் அதில் நிற்காது.

சத்தமே வராத துப்பாக்கி என்று ஒன்று கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வராத துப்பாக்கி உண்டு. அதைத் தேர்ந்தெடுக்க, சத்தம் எங்கெங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் போதும். ஒன்று, மேலே சொன்ன வெடிப்பு. இரண்டாவது, பெல்லட்டுக்குப் பின்னால் குழல் வாயிலிருந்து பீறிடும் காற்று. மூன்றாவது, உள்ளே ஸ்பிரிங்கும் பிஸ்டனும் மோதும் சத்தம். நான்காவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை: பெல்லட் போய் அடிக்கும் இடம். தகரத் தடுப்பில் பட்டால் 'டங்'கென்று தெருவே கேட்கும். துப்பாக்கி எவ்வளவு அமைதியாக இருந்து என்ன பயன்?

இப்போது வகைகளுக்கு வருவோம். குழலை மடக்கி இழுக்கும் ஸ்பிரிங் துப்பாக்கிதான் பலரும் முதலில் வாங்குவது. கன்னத்தைக் கட்டையில் வைத்துச் சுடுவதால் உள்ளே பிஸ்டன் அடிக்கும் சத்தம் எலும்பு வழியாகவே உங்கள் காதுக்கு ஏறும். அதனால் சுடுகிறவருக்கு அது பெரிதாகவும், சற்றுத் தள்ளி நிற்பவருக்குச் சின்னதாகவும் கேட்கும். வாங்கும் முன் வேறு ஒருவரைச் சுடச் சொல்லி, நீங்கள் 10 மீட்டர் தள்ளி நின்று கேளுங்கள். அதுதான் சரியான சோதனை. மிதமான சக்தியுள்ள ஸ்பிரிங் துப்பாக்கி பரவாயில்லை ரகம். ஆனால் அது பின்னும் முன்னும் உதறும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி தளர்வாகப் பிடித்தால்தான் குறி நிற்கும். ஸ்பிரிங்குக்குப் பதில் வாயு அடைத்த பிஸ்டன் உள்ளவற்றில் 'ஞொய்ங்' என்ற அதிர்வு குறைவு, மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை. இந்த இரண்டிலும் காற்றறைக்குள் கண்ட எண்ணெயை விடாதீர்கள். அழுத்தத்தில் எண்ணெய் தீப்பற்றி, பட்டாசு போல வெடிக்கும்.

கையால் பலமுறை பம்ப் செய்யும் வகையில், குறைவாக அடித்தால் சத்தமும் குறையும். ஆனால் அடுத்த குண்டுக்கு மறுபடி 'கடக் கடக்' என்று அடிக்கும்போதே எலி ஓடிவிடும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வகை குளிர்ந்த இரவில் அழுத்தம் குறைந்து சோர்ந்துபோகும்.

என்னைக் கேட்டால், உங்கள் நிலைக்கு ஏற்றது முன்பே காற்று அடைத்து வைக்கும் பிசிபி வகைதான். உதறல் கிட்டத்தட்ட இல்லை, பிஸ்டன் மோதலும் இல்லை. சத்தம் முழுவதும் குழல் வாயில்தான். அதனால் வெறும் குழலோடு இருக்கும் பிசிபி, ஸ்பிரிங் துப்பாக்கியை விடவே காட்டமாகக் கேட்கும். குழலைச் சுற்றி இன்னொரு வெளிக்குழலும் உள்ளே தடுப்புகளும் உள்ளதாகப் பாருங்கள். காற்று அதற்குள்ளேயே விரிந்து வேகம் தணிந்து வெளியேறும். சக்தியைக் குறைத்து வைக்கும் திருகு இருந்தால் இன்னும் நல்லது. ஒரே சிரமம், காற்று நிரப்புவது. சுமார் 200 பார் அழுத்தம் வேண்டும், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 200 மடங்கு. கைப்பம்பில் ஏற்ற உடம்பில் தெம்பு வேண்டும், இல்லாவிட்டால் தனி சிலிண்டர்.

குழல் அளவு 5.5 மில்லிமீட்டர் போதும். 1 கிராம் எடையுள்ள பெல்லட் நொடிக்கு 180 மீட்டர் வேகத்தில் போனால் சுமார் 16 ஜூல் ஆற்றல். ஒலி வேகத்தில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். 15 மீட்டருக்குள் தலையில் பட்டால் பெருச்சாளி கூட அந்த இடத்திலேயே விழும். வாங்கும் முன் உங்கள் ஊர்ச் சட்டத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் உரிமம் இல்லாமல் 7.5 ஜூல் வரைதான், இங்கிலாந்தில் ரைஃபிளுக்கு ஏறக்குறைய 16 ஜூல். சில இடங்களில் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, சைலன்சர் வைத்தாலோ உரிமம் கேட்பார்கள். அப்படியானால் 4.5-ல் கனமான பெல்லட் போட்டுக்கொண்டால் போதும், வேலை நடக்கும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெல்லட் பெரும்பாலும் காரீயம். கோழி தீவனத்தை அரைக்கச் சின்னச் சின்னக் கல்லாகப் பொறுக்கித் தின்னும் பிராணி. தரையில் கிடக்கும் நசுங்கிய பெல்லட் அதன் கண்ணுக்கு நல்ல கல். அரைவைப் பையில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ரத்தத்துக்கும் எலும்புக்கும் போகும், முட்டையின் மஞ்சள் கருவிலும் இறங்கும். கோழி பார்க்க நன்றாகவே இருக்கும், அதுதான் சிக்கல். விஷத்துக்குப் பயந்து துப்பாக்கி வாங்கிவிட்டு, முட்டையில் ஈயத்தை ஏற்றிக்கொண்டால் என்ன லாபம்?

அதனால் எலி எங்கே போகிறதோ அங்கே சுடாதீர்கள், சுட வேண்டிய இடத்துக்கு எலியை வரவழையுங்கள். ஒரு பக்கம் திறந்த மரப்பெட்டி ஒன்றை எடுத்து, பின்புறம் தடித்த பலகை வைத்து, அதன் முன்னால் பழைய துணியை இறுக்கித் திணித்து நிரப்புங்கள். வாய்ப்பக்கம் ஒரு சாண் இடம் விட்டு அதில் கொஞ்சம் தீவனம். புதுப் பொருள் என்றால் எலி கிட்டே வரச் சந்தேகப்படும், சில நாள் சுடாமல் தின்ன விடுங்கள். பெல்லட் துணிக்குள் 'பொத்'தென்று அடங்கும், தெறிக்காது, பிறகு பொறுக்கி எடுக்கலாம். நான்காவது சத்தமும் அதோடு தீர்ந்தது. பெட்டி கோழிகள் அடையும் பக்கத்திலும் பக்கத்து வீட்டுப் பக்கத்திலும் இருக்கக் கூடாது. கூரை விட்டத்தில் ஓடும் எலியை விட்டுவிடுங்கள். மேல்நோக்கிச் சுட்ட பெல்லட் பல நூறு மீட்டர் போகும். ஈயம் இல்லாத வெள்ளீய பெல்லட்டும் உண்டு, எடை குறைவென்பதால் வேகமாகப் போகும், சக்தியைக் குறைத்துப் பயன்படுத்துங்கள்.

கிட்டத்தில் குறி தவறுவதற்கும் ஒரு காரணம் உண்டு. ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, குழலுக்கு 4, 5 சென்டிமீட்டர் மேலே உட்கார்ந்திருக்கிறது. 20 மீட்டருக்குச் சரிசெய்த ஸ்கோப்பில் 6 மீட்டரில் சுட்டால் சுமார் 2 சென்டிமீட்டர் தாழ்ந்து படும். எலித் தலையைத் தவறவிட அது போதும், தாடையில் பட்டு வதைபட்டு ஓடும். பெட்டி இருக்கும் அதே தூரத்தில் காகிதம் ஒட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள். வெளிச்சத்துக்கு மங்கலான சிவப்பு டார்ச் போதும், எலிக்கு அது அவ்வளவாகத் தெரியாது.

ஒரு பெண் எலி மூன்று வாரத்துக்குச் சற்று மேல் சுமந்து, ஒரே ஈற்றில் ஏழெட்டுக் குட்டி போடும். துப்பாக்கியை மட்டும் நம்பினால் கணக்கு எட்டாது. இரவில் தீவனத் தொட்டியை எடுத்து மூடியுள்ள இரும்பு டிரம்மில் கொட்டுங்கள், 12 மில்லிமீட்டருக்குக் குறைந்த கண்ணுள்ள கம்பிவலையால் சந்துகளை அடையுங்கள். மிஞ்சுகிறவற்றுக்குத்தான் துப்பாக்கி. செத்த எலியை வெறும் கையால் தொடாதீர்கள், எலி மூத்திரத்தில் எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமி இருக்கலாம். கையுறை போட்டு எடுத்து, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள்.