ஹெட்செட் கேமராவில் எழுத்து ஏன் மங்குகிறது?

கேள்வி: ஆபீஸ் வேலைக்கு, கண்ணை மறைத்து மாட்டும் விஆர் ஹெட்செட் ஒன்று வாங்கலாமா என்று மாட்டிப் பார்த்தேன். உள்ளே தெரியும் மெய்நிகர் திரை பளிச்சென்று இருக்கிறது. ஆனால் வெளியே இருப்பதைக் காட்டும் அதன் கேமரா வழியாக மேசையைப் பார்த்தால் நோட்டில் எழுதியதைப் படிக்க முடியவில்லை, கையை நீட்டினால் கீபோர்டின் ஓரம் நெளிகிறது. மெகாபிக்சல் அதிகமுள்ள மாடல் வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: பாதிதான் சரியாகும். எழுத்து விஷயத்தில் பிக்சல் முக்கியம்தான். மெட்டா குவெஸ்ட் 3 என்ற ஹெட்செட்டில் வெளியே இருப்பதைக் காட்ட 4 மெகாபிக்சல் கலர் கேமராக்கள் இரண்டு உண்டு, ஆனால் அவ்வளவும் அகலமான காட்சி முழுக்கப் பரவிவிடுவதால் பார்வைக் கோணத்தில் ஒரு டிகிரிக்குச் சுமார் 18 பிக்சல்தான் மிஞ்சுகிறது. நல்ல கண்பார்வைக்கு ஈடாக வேண்டுமென்றால் ஏறக்குறைய 60 தேவை. அரை மீட்டர் தூரத்தில் இருக்கும் நோட்டில் 2 மில்லிமீட்டர் உயர எழுத்துக்கு, உயரவாக்கில் நாலே நாலு பிக்சல்! ‘ம’வா ‘ம்’மா என்று பிரித்துச் சொல்ல அது போதாது.

சரி, பிக்சலைக் கூட்டினால் அத்தனையையும் அதே நேரத்துக்குள் செயலாக்க ஒரு சிப் வேண்டுமே. கேமராவில் ஒளியை உணரும் சென்சார் தருவது அப்படியே பார்க்கக்கூடிய படம் இல்லை. நிறத்தை நிரப்பி, புள்ளி புள்ளியான இரைச்சலை நீக்கி, லென்ஸ் வளைத்ததை நிமிர்த்தி, அப்புறம் கேமரா உங்கள் கண் இருக்கும் இடத்தில் இல்லாததால் ஒவ்வொரு பொருளும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணித்து, கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படி மறுபடி வரைய வேண்டும். நொடிக்கு 90 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 11 மில்லிசெகண்ட். கையின் விளிம்பைத் தாண்டியதும் தூரம் சட்டென்று மாறுகிறது, கணிப்பு அங்கே தடுமாறுகிறது. நீங்கள் பார்த்த நெளிவு அதுதான், மெகாபிக்சலைக் கூட்டினால் மட்டும் அது போகாது.

ஆப்பிளின் விஷன் புரோ ஹெட்செட்டில் 12 கேமரா, 5 சென்சார், 6 மைக் தரும் தகவல்களைக் கவனிக்கவே ஆர்1 என்று தனி சிப் வைத்திருக்கிறார்கள். 12 மில்லிசெகண்டுக்குள் படம் திரைக்கு வந்துவிடும் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டு வேலை பார்ப்பவர் முதலில் விசாரிக்க வேண்டியது இந்தத் தாமதத்தைத்தான் என்பேன், ஏனென்றால் தலை திரும்பிய பிறகு காட்சி பின்தங்கி வந்தால் சிலருக்குக் குமட்டலே வந்துவிடும்.

வெளிச்சத்தையும் பாருங்கள். மங்கலான அறையில் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் ஒளியை வாங்கும், அசைந்தால் எழுத்து இழுபடும்; அதைத் தவிர்க்க ஒளியுணர்வைக் கூட்டினால் இரைச்சல் ஏறும். விளக்கைக் கொஞ்சம் கூட்டுவதே கைமேல் பலன் தரும். லேப்டாப் திரையையும் கேமரா வழியாகப் படிக்காதீர்கள், நேரடியாக ஹெட்செட்டுக்குள் அனுப்பி மெய்நிகர் திரையாக வைத்துக்கொள்ளுங்கள், கேமராவுக்குக் கீபோர்டும் தண்ணீர் பாட்டிலும் தெரிந்தால் போதும். வாங்கும் முன் உங்கள் சொந்த நோட்டைக் கொண்டுபோய், வெளிச்சம் குறைந்த மூலையில் தலையை மெல்லத் திருப்பிக்கொண்டே படித்துப் பாருங்கள்.